கோல் அடிப்பான், திரும்பி வரமாட்டான்: இளம் ஃபார்வர்டை நம்பகமான சென்டராக்க, அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஐஸ் ஹாக்கியில் விங்கில் (பக்கவாட்டில்) ஆடிக் கோல் அடித்துக்கொண்டிருந்த பையனைக் கோச் சென்டருக்கு (நடுவுக்கு) மாற்றுகிறார். முதல் சில ஆட்டங்களில் எல்லோருக்கும் சந்தோஷம். பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவனிடம் அடிக்கடி வருகிறது. பிறகுதான் தெரிகிறது, அவன் ஐஸில் இருக்கும் நேரத்தில் நம் கோலுக்குள்ளும் பக் அடிக்கடி போகிறது என்று. "டிஃபென்ஸ் ஆடத் தெரியல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வது போன்றதுதான் அது. எதனால் காய்ச்சல் என்று பார்த்தால்தான் மருந்து கொடுக்க முடியும்.

சிங்கப்பூரில் ஐஸ் ஹாக்கி ஆடும் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கும் உதவிப் பயிற்சியாளர்களுக்கும், ஸ்டாண்டில் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைபேசியில் படம் எடுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பையன் என்று எழுதுவது வசதிக்காக. பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வரி மாறாது. 12 வயதுக்குக் கீழே என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வயதில் எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி ஆடவிடுவதுதான் சரி.

சென்டரின் வேலை என்ன என்பதில் முதலில் ஒத்துப்போவோம். தாக்கும்போது மூன்று ஃபார்வர்டுகளில் அவன் ஒருவன். நம் பகுதிக்குப் பக் வந்துவிட்டால், விங்கர்கள் இருவரும் மேலே நீலக்கோட்டருகே (நம் பகுதியை நடுவெளியிலிருந்து பிரிக்கும் கோடு) நிற்கும் எதிரணி டிஃபென்ஸ்மேன்களைப் பார்த்துக்கொள்வார்கள். சென்டர் கீழே இறங்கி நம் இரண்டு டிஃபென்ஸ்மேன்களோடு மூன்றாவது ஆளாக நிற்பான். அதிக தூரம் ஓடுகிறவன் அவன்தான். வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எச்எல்லில் தற்காப்பில் சிறந்த ஃபார்வர்டுக்கு ஃபிராங்க் செல்கி விருது என்று ஒன்று 1978 முதல் உண்டு. முதல் நான்கு ஆண்டுகள் அதைத் தொடர்ந்து வாங்கிய பாப் கெய்னி ஒரு விங்கர். ஆனால் 2003இல் டல்லஸ் அணியின் யெரி லெஹ்டினன் வாங்கிய பிறகு 2025 வரை ஒரு விங்கருக்குக்கூட அது கிடைக்கவில்லை, எல்லாம் சென்டர்கள்.

எதைத் தொடும் முன்னும்: வீடியோவைப் பத்து விநாடி பின்னுக்குத் தள்ளுங்கள்

கோல் விழுந்த நொடியைப் பார்த்து ஒரு சென்டரைத் திருத்த முடியாது. அந்த நொடியில் அவன் கோலுக்கு முன்னால் யாரையோ விட்டுவிட்டு நிற்பான். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பிழை பெரும்பாலும் அதற்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு முன்னால், தளத்தின் மறுமுனையில் நடந்திருக்கும்.

ஆகவே பக் கைமாறிய நொடிக்குப் போய் வீடியோவை நிறுத்துங்கள். பையன் பக்குக்கும் நம் கோலுக்கும் நடுவில் இருக்கிறானா, அல்லது பக்கைத் தாண்டி எதிரணிக் கோல் பக்கம் போய்விட்டானா? கால் அடிக்கிறானா, சும்மா வழுக்கிக்கொண்டு போகிறானா? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டால், கீழே எந்த அறிகுறிக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஒரே ஒரு கோலை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து ஆட்டங்களில் விழுந்த கோல்களை வரிசையாகப் பார்த்தால், அதே பதில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த ஊரில் பிள்ளைகள் எங்கே, எதில் ஆடி வளர்ந்தார்கள் என்பது. ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் 2012 முதல் ஒலிம்பிக் அளவுத் தளம் இருந்தது, 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 2023 ஆகஸ்ட்டில் கடைத்தொகுதியோடு அதுவும் மூடப்பட்டது. சிறிய தளத்தில் நெருக்கியடித்து ஆடிய பிள்ளைகளுக்குக் கை வேகமாக இருக்கும். அதில் குறையே இல்லை. அமெரிக்க ஹாக்கி சங்கமே 8 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தளத்தைக் குறுக்கே பிரித்து ஆடும் ஆட்டத்தைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் இரண்டு நீலக்கோடுகளுக்கு நடுவில் உள்ள வெளியில் எப்படித் திரும்பி ஓடுவது என்பதைச் சிறிய தளம் கற்றுத் தராது. இன்லைனிலிருந்து (சக்கரக் காலணியில் ஆடும் ஹாக்கி) வருகிறவன் கோலியைத் தவிர்த்து நால்வராக ஆடிப் பழகியவன். கீழே மூன்றாவது ஆளாக இறங்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வராது. பள்ளியில் ஃபுளோர்பால் (உள்ளரங்கில் பந்தை வைத்து ஓடி ஆடும் ஹாக்கி) ஆடிவிட்டு வரும் சென்டர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். கோலியைத் தவிர ஐந்து பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் சென்டர் இருபக்கமும் ஓடியே ஆக வேண்டும். ஐஸுக்கு இவ்வளவு பஞ்சம் உள்ள ஊர் 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி வெள்ளி வாங்கியது என்றால், அதில் இப்படி வேறு தரைகளில் தேறிய கால்களுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அறிகுறி: எதிரணி மூன்றுக்கு இரண்டாகப் பாய்கிறது, நம் பையன் பின்னால் துரத்துகிறான்

அதிகம் வரும் புகார் இதுதான். பார்க்கிறவர்கள் "வேகம் போதவில்லை" என்பார்கள். இங்கே வேகம் காரணமாக இருப்பது அபூர்வம். நான்கு காரணங்கள் உண்டு, இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது ஆளின் இடம். எதிரணிப் பகுதியில் நம் ஃபார்வர்டுகள் இருவர் கோல்கோட்டுக்குக் கீழே, மூலையில், பக்குக்காக மல்லுக்கட்டினால் மூன்றாவது ஆள் அங்கே போகவே கூடாது. ஃபேஸ்ஆஃப் (இரு அணிக்கும் நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) வட்டங்களின் மேல்விளிம்பை ஒட்டி, நடுவில் நிற்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் எப்போதும் சென்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, யார் கடைசியாக வருகிறானோ அவன். ஆனால் விங்கர்கள் இருவரும் உள்ளே போனதைப் பார்த்த பிறகும் சென்டரும் குதித்தால், பக் கைமாறிய அதே நொடியில் மூன்று பேரும் ஆட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். கோல் அடித்துப் பழகிய பையனுக்கு இது கசக்கும். "அங்கே நின்னா நான் எப்படி கோல் அடிக்கிறது, கோச்?" என்று கேட்பான். நல்ல கேள்வி, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது: மூலையிலிருந்து வெளியே வரும் பாஸ் வந்து விழும் இடம் அதுதான், கோலியின் முன்னால் யாரும் தொடாமல் ஷூட் செய்ய இடம் கிடைப்பதும் அங்கேதான். தற்காப்புக்காக நிற்கிறாய் என்று சொன்னால் ஒரு வாரம் நிற்பான். ஷூட் செய்ய நிற்கிறாய் என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயே குடியிருப்பான்.

இரண்டாவது, வளைவு. பக் கைமாறியதும் பையன் நின்று திரும்புகிறானா, அல்லது மூலையைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டு வருகிறானா? வட்டம் போடுகிறவனுக்கு வேகம் குறையாத மாதிரி ஓர் உணர்வு இருக்கும்; உண்மையில் அதற்குள் எதிரணி நடுக்கோட்டை எட்டியிருக்கும். சிறிய தளத்தில் இந்த வட்டம் தண்டனை இல்லாமல் தப்பிவிடும், சுற்றி வந்தாலும் கோல் பக்கத்திலேயே இருக்கும். முழுத் தளத்தில் தப்பாது. மருந்து எளிது, சுகமானது அல்ல: பயிற்சியின்போது விசில் ஊதினால் பனி தெறிக்க நின்று, வந்த திசைக்கே மூன்று குறுகிய அடி. இடக்காலில் நிற்பதும் வலக்காலில் நிற்பதும் சம அளவு. எல்லோருக்கும் ஒரு பக்கம் வராது. அந்த வராத பக்கம்தான் ஆட்டத்தில் வட்டமாக மாறுகிறது. தளத்தில் நேரம் வாங்குவது விலை அதிகமான சமாச்சாரம் என்பதால், இதை வாரத்தில் பாதி நாள் இன்லைன் சக்கரத்திலோ வெறும் காலில் புல்வெளியிலோ செய்யச் சொல்லலாம். நிற்கும் நுட்பம் வேறு, ஆனால் "முதலில் நில், பிறகு திரும்பு" என்ற முடிவு மூளையில் பதிகிறது.

மூன்றாவது, திரும்பி வரும் பாதை. பக் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே சுவரோரம் துரத்துகிறவர்கள் ஏராளம். பக் வைத்திருப்பவனை நம் டிஃபென்ஸ்மேன் பார்த்துக்கொள்வான். முதலில் திரும்பும் ஃபார்வர்டின் பாதை தளத்தின் நடு, இரு பக்க ஃபேஸ்ஆஃப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட நீளத் துண்டு. அங்கே வந்து தலையைத் திருப்பி, ஓடி வரும் இரண்டாவது, மூன்றாவது எதிரியைத் தேட வேண்டும். தேடிப் பிடித்ததும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு ஐஸில் ஊமையாகிவிடுகிறார்கள். எந்த மொழியில் கத்தினாலும் பரவாயில்லை, டிஃபென்ஸ்மேனுக்குக் கேட்டால் போதும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் தாமதம் என்றால் ஷிஃப்டின் (ஐஸில் இறங்கி ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பும்வரை உள்ள நேரம்) நீளத்தை அளந்து பாருங்கள். 40 முதல் 45 விநாடி என்பது நல்ல ஷிஃப்ட். தாக்குதல் நன்றாகப் போகும்போது "இன்னும் ஒரு வாய்ப்பு" என்று ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிற பையனால், கைமாறியதும் திரும்ப முடியாது, கால் கேட்காது. கைபேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு வேலையும் கொடுத்த மாதிரி ஆகும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? எதிரணி நம் நீலக்கோட்டைத் தாண்டும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். சென்டர் படத்துக்குள், நடுப்பாதையில் இருந்தால் சரியாகிவிட்டது. அவர்கள் கோல் அடித்தார்களா இல்லையா என்பது இந்தச் சோதனைக்குத் தேவையில்லை.

அறிகுறி: கோலின் மறுபக்கக் கம்பத்தருகே தனியாக நின்றவன் சும்மா தட்டிவிட்டுப் போகிறான்

பையன் சரியான நேரத்தில் திரும்பி வந்துவிட்டான், இடத்திலும் நிற்கிறான், ஆனாலும் கோல். வீடியோவில் அவன் முகத்தைப் பாருங்கள்: பக் மூலையில் இருக்கும், அவன் கண் பக்கின் மேல் ஒட்டியிருக்கும், முதுகுக்குப் பின்னால் எதிரி நழுவியிருப்பான்.

இதைத் திட்டித் திருத்த முடியாது. தாக்குதல் ஆட்டக்காரனுக்குப் பக்கைப் பார்ப்பதுதான் இத்தனை வருடப் பழக்கம். உடலின் கோணத்தை மாற்றினால் கண் தானாக மாறும். முதுகைக் கோலுக்குக் காட்டி, ஒரு தோள் பக்கின் பக்கம், மறு தோள் ஆளின் பக்கம் இருக்கும்படி நிற்கப் பழக்குங்கள். அந்த நிலையில் தலையை லேசாக ஆட்டினாலே இரண்டும் தெரியும். அடுத்தது ஸ்டிக். கோலுக்கு முன்னால் எதிரியை முட்டித் தள்ளுவதைவிட அவன் ஸ்டிக்கை அடியிலிருந்து தூக்கிவிடுவது மேல். பக் வரும் அந்த அரை நொடியில் அவன் ஸ்டிக்கின் பிளேடு ஐஸில் இல்லாவிட்டால் போதும். பாவெல் தட்ஸ்யுக்கின் ஆட்டத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். டெட்ராய்ட் அணி 1998இல் 171ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ஒல்லியான ரஷ்யப் பையன், 2008 முதல் 2010 வரை தொடர்ந்து மூன்று முறை செல்கி விருது வாங்கினார். 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு முறை கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருதும் அவருக்கே. அதாவது பெனால்டி வாங்காமலே பக்கைப் பிடுங்கினார். உடம்பு சிறிதாக இருப்பதால் சென்டர் ஆக முடியாது என்று கவலைப்படும் பெற்றோரிடம் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

பயிற்சி: கோல்கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட சிறு இடத்தில் இரண்டுக்கு இரண்டு. சிறிய தளமே போதும் என்பது இதில் ஒரு வசதி. தற்காப்பவன் பின்னால் பார்த்த தடவைகளை மட்டும் நீங்கள் எண்ணுங்கள், கோலை எண்ண வேண்டாம்.

அறிகுறி: நம் டிஃபென்ஸ்மேன் கொடுக்கும் பாஸ் எல்லாம் சுவரோரம் மாட்டிக்கொள்கிறது

டிஃபென்ஸ்மேனைத் திட்டும் முன் சென்டர் எங்கே என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை அவன் நடுக்கோட்டை நோக்கிப் பறந்திருப்பான், நீண்ட பாஸ் ஒன்று வந்தால் தனியாகப் போகலாம் என்று. விங்கில் இருந்தபோது அது பலன் தந்திருக்கும், அதனால்தான் செய்கிறான். சென்டர் அப்படிப் போனால் கீழே இருப்பவனுக்குச் சுவரோரம் தவிர வேறு வழி கிடையாது. எதிரணியும் அங்கேதான் காத்திருக்கும்.

நம் அணி பக்கை உண்மையாகவே கைப்பற்றிவிட்டதா என்று தெரியும்வரை சென்டர் பக்கைவிடக் கீழே இருக்க வேண்டும். பிறகு கோலின் முன்னாலோ மூலையோரமாகவோ மெதுவாக வளைந்து, ஸ்டிக்கை ஐஸில் பதித்து, டிஃபென்ஸ்மேனின் கண்ணுக்குத் தெரியும் கோட்டில் மேலே வர வேண்டும். இங்கே மட்டும் வளைவு நல்லது. அவசரப்பட்டால் பாஸ் வரும் முன்னே தாண்டிவிடுவான். ஆகவே முதலில் மெதுவாக, பாஸ் வந்த பிறகே வேகம். விங்கரிடம் பக் போனாலும் சென்டர் அருகே, ஸ்டிக் எட்டும் கோணத்தில், உடன் ஓட வேண்டும்.

இதற்குக் கூலி உடனே கிடைக்கும் என்பதைப் பையனுக்குக் காட்டுங்கள். கீழிருந்து வேகம் எடுத்து வரும் சென்டர் நடுவெளியில் பக்கை வாங்கும்போது எதிரணி டிஃபென்ஸ்மேன் நின்ற இடத்தில் இருப்பான். மேலே போய்க் காத்திருந்தவன்தான் நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஃபேஸ்ஆஃபில் பத்துக்கு எட்டு தோல்வி

கையை மட்டும் வேகப்படுத்தினால் போதாது. கால்களை அகலமாக வைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கின் கீழ்க்கையை நன்றாக இறக்கிப் பிடித்து, பலர் செய்வதுபோல உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கட்டும். எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டாம், லைன்ஸ்மேனின் கையைப் பார்த்தால் போதும். இடப்பக்கம் ஷூட் செய்கிறவனுக்கு இடப்புறப் புள்ளியிலும், வலப்பக்கம் ஷூட் செய்கிறவனுக்கு வலப்புறப் புள்ளியிலும் பின்பிளேடால் இழுப்பது எளிது. அணியில் இருவகை சென்டரும் இருந்தால் பக்கத்துக்கு ஒருவரை அனுப்புவது கோச்சின் வேலை. எந்த விதிப்படி ஆடுகிறீர்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: என்எச்எல்லில் 2015-16 பருவத்திலிருந்து, கோல் பகுதிகளில் நடக்கும் ஃபேஸ்ஆஃபில் தற்காக்கும் அணிக்காரன்தான் முதலில் ஸ்டிக்கை வைக்க வேண்டும். அதுவே தாக்குகிறவனுக்குச் சிறு அனுகூலம்.

ஆனால் வெற்றி விகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தோற்ற பிறகு வரும் இரண்டு விநாடி. நம் பகுதியில் ஃபேஸ்ஆஃப் தோற்ற பையன் பக் போன திசையைப் பார்த்து நின்றுவிட்டால், அவனுக்கு எதிரே நின்ற சென்டர் நேரே கோல் முன்னால் போய் நின்றுவிடுவான். தோற்றதும் அந்தச் சென்டரின் உடலோடு ஒட்டிக் கோல் பக்கம் இறங்க வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஸ்டிக்கை ஸ்டிக்கால் கட்டி, உதவிக்கு விங்கர் வரும்வரை பக்கை நடுவிலேயே சாகடிக்கலாம். பல ஃபேஸ்ஆஃப்களை உண்மையில் ஜெயிப்பவர்கள் விங்கர்கள்தான். கணக்கில் பெயர் சென்டருக்குப் போகிறது.

அறிகுறி: ஹூக்கிங் (ஸ்டிக்கால் இழுத்துத் தடுப்பது), டிரிப்பிங் (தடுக்கி விழவைப்பது) என்று பெனால்டிப் பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான்

கால் நின்ற பிறகுதான் கை நீளும். முதல் அறிகுறிக்குப் போங்கள், காரணம் அங்கே இருக்கிறது. ஸ்டிக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து துரத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் தனியாகக் கவனியுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் கோல் அடிப்பதையே நிறுத்திவிட்டான்

மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்த வீடுகளில் வருகிற பிரச்சினை இது, முந்தையவற்றைவிடக் கடினமானது. பையன் இப்போது எப்போதும் சரியான இடத்தில் இருக்கிறான். பக் வந்தால் உடனே சுவரில் அடித்து வெளியே அனுப்பிவிடுகிறான். நீலக்கோட்டில் ஒருவனைத் தாண்டக்கூடிய வாய்ப்பு வந்தாலும் மூலைக்குத் தட்டிவிட்டு பெஞ்சுக்குப் போகிறான். யாரும் அவனைத் திட்டுவதில்லை. அதுதான் அவன் விரும்பியது.

பெரும்பாலும் நோய் பெஞ்சிலிருந்து வந்திருக்கும். தவறு செய்த ஷிஃப்டுக்குப் பிறகு மட்டும் பேசும் கோச்சிடம் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான், பக் நம்மிடம் இல்லாவிட்டால் தவறும் இல்லை என்று. எங்கே துணிந்து ஆடலாம், எங்கே கூடாது என்று இடத்தை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். நம் நீலக்கோட்டருகே ஒருவனைத் தாண்ட முயல்வது கூடாது. எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டி, பின்னால் மூன்றாவது ஆள் மேலே நிற்கும்போது, என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அங்கே பக் போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அப்பா அம்மா உட்பட.

அடுத்தது, பிடுங்கிய பக்கோடு என்ன செய்கிறான் என்பது. எதிரணி தாக்கும் எண்ணத்தில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் நேரம் அது. ஒரு சென்டருக்கு இதைவிடத் திறந்த தளம் ஆட்டம் முழுக்கக் கிடைக்காது. பிடுங்கியதும் முதல் பார்வை மேலே, முதல் மூன்று அடி நடுவில். வழி இல்லையென்றால் சுவர். இந்த வரிசையைப் பயிற்சியில் சேர்க்காமல் வெறும் "பிடுங்கு, வெளியே அனுப்பு" என்று பழக்கினால், நீங்கள் உருவாக்குவது அரைச் சென்டர்.

பொறுமைக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்றால் ஷான் கூட்டூரியே. கியூபெக் ஜூனியர் லீக்கில் தொடர்ந்து இரண்டு பருவம் 96 புள்ளிகள் (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்தவர். பிலடெல்பியா அணியில் சேர்ந்ததும் எதிரணியின் பெரிய தலைகளை அடக்கும் வேலையைக் கொடுத்தார்கள்; 2012 பிளேஆஃபில், 19 வயதில், பிட்ஸ்பர்கின் எவ்கேனி மால்கினுக்கு எதிராக ஐஸில் இறங்கினார். முதல் 6 பருவங்களில் எதிலும் 40 புள்ளியைத் தொடவில்லை. இவ்வளவுதான் இவர் என்று பலரும் முடிவு கட்டிய பிறகு, 2017-18இல் தாக்கும் வரிசையில் போட்டதும் 31 கோல், 76 புள்ளி. 2020இல் செல்கி விருது. பழைய கைத்திறன் எங்கேயும் போய்விடவில்லை, அதற்கான ஷிஃப்டுகள்தான் கிடைக்காமல் இருந்தன. ஆகவே கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவனுக்குத் தாக்குதல் பகுதியில் ஃபேஸ்ஆஃப் கிடைக்கிறதா, பவர்பிளேயில் (பெனால்டியால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) இடம் உண்டா? இரண்டும் இல்லாமல் கோலை மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

மறுபக்கம் ஸ்டீவ் ஐசர்மன். 1988-89இல் 65 கோல், மொத்தம் 155 புள்ளி. பின்னர் ஸ்காட்டி போமன் பயிற்சியில் தற்காப்பையும் சுமந்தார். புள்ளிகள் குறைந்தன, 1997, 1998, 2002 என மூன்று ஸ்டான்லி கோப்பைகள் வந்தன, 2000இல் செல்கி விருதும் வந்தது. இவருக்குப் புள்ளி குறைந்ததைப் பிழை என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் பையன் கூட்டூரியேயா ஐசர்மனா என்று எப்படிப் பிரிப்பது? ஷூட் செய்யும் வாய்ப்புகளை எண்ணுங்கள். வாய்ப்பு பழையபடி வருகிறது, கோல் மட்டும் வரவில்லை என்றால் காத்திருங்கள். வாய்ப்பே வரவில்லை என்றால் இந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போங்கள்.

அறிகுறி: மூன்றாம் பீரியடில் வேறு ஆள் மாதிரி ஆடுகிறான்

விங்கருக்குப் போதுமாக இருந்த உடல்வலு சென்டருக்குப் போதாது. நீண்ட தூரம் ஓடுவதைவிட, 40 விநாடி முழு வேகம், பிறகு ஓய்வு, மறுபடி 40 விநாடி என்ற முறை ஷிஃப்டுக்கு நெருக்கமானது. பார்க் கனெக்டர் பாதையில் விடியற்காலையில் செய்யலாம். நம் ஊர் மதிய வெயிலில் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் ஐஸ் ஏமாற்றும், குளிராக இருப்பதால் தாகம் தெரியாது, உள்ளே சட்டை பிழியும் அளவுக்கு வியர்த்திருக்கும். (அந்தச் சட்டையையும் கையுறையையும் பையில் இருந்து எடுத்து அன்றிரவே காய வையுங்கள். இந்த ஈரப்பதத்தில் மறுநாள் என்பது தாமதம், பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும்.)

18ஐ நெருங்குகிற பையன்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய சேவையின் இரண்டு ஆண்டில் உடல்வலு பொதுவாகக் கூடும், ஐஸ் நேரம் பொதுவாகக் குறையும். திரும்பி வரும்போது கைதான் துருப்பிடித்திருக்கும்; இடத்தில் நிற்கும் அறிவு அவ்வளவு சீக்கிரம் போகாது. இருபக்கமும் ஆடத் தெரிந்தவன் அணிக்குள் விரைவாகத் திரும்பிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

அறிகுறி: கோச் பாராட்டுகிறார், வீட்டில் சண்டை

"போன வருஷம் எத்தனை கோல், இந்த வருஷம் எத்தனை?" மதிப்பெண்ணும் டியூஷனும் ஊறிய வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஸ்டாண்டிலிருந்து "ஷூட் பண்ணுடா!" என்று கத்தும் மாமாக்களும் இருக்கிறார்கள், அவர்களை மாற்றும் வழிமுறை என்னிடம் இல்லை.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு சிலவற்றை எண்ணலாம். எதிரணி நம் நீலக்கோட்டைத் தாண்டும்போது அவன் நடுப்பாதையில் இருந்த தடவைகள். அவன் ஸ்டிக்கால் பக் கைமாறிய தடவைகள். நம் பகுதியிலிருந்து பக்கை வெளியே கொண்டுவந்ததில் அவன் கை பட்ட தடவைகள். ஒரு தாளில் மூன்று வரிசை, தாத்தாவே குறிக்கலாம். பிளஸ்-மைனஸ் கணக்கை (அவன் ஐஸில் இருந்தபோது நாம் அடித்த கோலுக்குக் கூட்டி, வாங்கிய கோலுக்குக் கழிப்பது) குறைந்த ஆட்டங்களை வைத்து நம்பாதீர்கள், கோலி தூங்கிய ஒரு மாலைப்பொழுதே அதைக் கெடுத்துவிடும்.

ஒரு முழுப் பருவம் இப்படிக் குறித்த பிறகும், திரும்பி ஓடுவதில் அவனுக்கு எந்த ருசியும் வரவில்லை, ஒவ்வொரு ஷிஃப்டும் தண்டனையாகத்தான் தெரிகிறது என்றால், கோச்சிடம் பேசி அவனை மறுபடி விங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விங்கர்களுக்கும் அணியில் இடம் இருக்கிறது. மூன்றாவது ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த விங்கர் என்றால் இன்னும் நல்லது.